காமிக்ஸ் வாங்குவது எப்படி? இதழா, தொகுப்பா, பைலா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே பாட்டு, சினிமா, கேம்ஸ் என எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடுவார்கள். அடுத்துப் பலருக்குக் காமிக்ஸ் பக்கம் ஆசை வரும். "ஸ்பைடர்மேன் கதையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே படிக்கலாமாமே!" என்று வீட்டில் உள்ள பிள்ளைகள் ஆரம்பித்து வைப்பார்கள். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் எந்த வடிவில் காசு கொடுத்து வாங்குவது என்பதில்தான் குழப்பம். டிஜிட்டல்தான் மலிவு, இடத்தை அடைக்காது, கிழியாது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அவை சொல்லாமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஆங்கிலக் காமிக்ஸ், குறிப்பாக அமெரிக்கக் காமிக்ஸ், மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. முதலாவது, தனி இதழ். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய புத்தகம். இருபது பக்க அளவில் கதை. பெரும்பாலும் மாதம் ஒன்று. இப்போது பல இதழ்களின் அட்டை விலை 3.99 அல்லது 4.99 டாலர். இரண்டாவது, தொகுப்பு. ஐந்தாறு இதழ்களை ஒன்றாகச் சேர்த்து, புத்தகமாகத் தைத்தோ ஒட்டியோ விற்பார்கள். மூன்றாவது, கம்ப்யூட்டரிலும் டேப்ளட்டிலும் படிக்கும் டிஜிட்டல் பதிப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராபர்ட் கிர்க்மன் எழுதிய 'தி வாக்கிங் டெட்' 2003 அக்டோபரில் தொடங்கி, 2019 ஜூலையில் 193ஆவது இதழோடு முடிந்தது. பெரும்பாலான இதழ்களின் அட்டை விலை 2.99 டாலர். அத்தனையையும் மாதாமாதம் வாங்கியவர் ஏறத்தாழ 580 டாலர் செலவழித்திருப்பார். இதே கதை நான்கு கனமான தொகுப்புகளாகவும் வந்திருக்கிறது. முதல் மூன்றிலும் 48 இதழ்கள், கடைசியில் 49. தொகுப்பு ஒன்றின் அறிமுக விலை சுமார் 60 டாலர். நான்கும் சேர்த்து 240. அதாவது ஓர் இதழுக்கு ஒன்றேகால் டாலர்தான் ஆகிறது. ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கத்துக்கு மேல் என்பதால் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, கை வலிக்கும். அது வேறு விஷயம்.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் தனி இதழ் வாங்குபவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் காமிக்ஸ் கடைக்காரர்கள் இதழ் வருவதற்குப் பல வாரங்கள் முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்காமல் மிஞ்சியதைப் பொதுவாகத் திருப்பித் தரவும் முடியாது. இந்த ஆர்டர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஒரு தொடரைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பதிப்பாளர் முடிவு செய்கிறார். எனவே மாதாமாதம் வாங்குபவர்கள்தான் தொடரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். தொகுப்பு வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தால் பல கதைகள் தொகுப்பாகும் முன்பே நின்றுபோகும்.

இன்னொன்றும் உண்டு. வாக்கிங் டெட் முடியப்போகிறது என்பதைக் கிர்க்மன் வெளியில் விடவே இல்லை. 193க்கு அடுத்த இதழ்களும் வரப்போவதாக அட்டைப்படங்களோடு பொய் அறிவிப்பு கொடுத்து வைத்திருந்தார்கள். கடையில் 193ஐ வாங்கிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தவர்களுக்குத்தான் அந்த அதிர்ச்சி. தொகுப்பு வாங்கியவருக்கோ, வலது கைப் பக்கம் எத்தனை தாள் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறதே! வாசகர் கடிதப் பகுதியும் பெரும்பாலான தொகுப்புகளில் இருக்காது.

ஆனால் தனி இதழை 'முதலீடு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1938இல் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய அந்த இதழைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் மிகக் குறைவான பிரதிகளே மிஞ்சின. 1991இல் மார்வெல் வெளியிட்ட 'எக்ஸ்-மென்' முதல் இதழோ ஐந்து விதமான அட்டைகளோடு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பின்னாளில் விலை ஏறும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டி வைத்தவர்கள் ஏராளம். எல்லோரும் பூட்டி வைத்த பொருளுக்கு எப்படி விலை ஏறும்? இன்றும் அது சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது.

நம் ஊர் நிலவரம் இன்னும் எளிது. அமெரிக்க இதழ்களை மாதம் தவறாமல் வரவழைக்கும் கடைகள் இங்கே மிகக் குறைவு. வெளிநாட்டிலிருந்து தபாலில் தருவித்தால் புத்தகத்தின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகிவிடும். எனவே புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்குத் தனி இதழை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தொகுப்பு, டிஜிட்டல் இரண்டில் ஒன்று என்பதே நம் கேள்வி.

தொகுப்பு என்றதும் ஏதோ புது ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். இரும்புக்கை மாயாவியைத் தெரியாத தமிழ் காமிக்ஸ் வாசகர் இருக்க முடியாது. இங்கிலாந்தில் 1962 முதல் 'வாலியன்ட்' என்ற வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் தொடராக வந்தவர்தான் அவர். அங்குள்ள சிறுவர்கள் வாரந்தோறும் சில பக்கங்கள் படித்துவிட்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தார்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது நம் கைக்குக் கிடைத்ததோ முழுக்கதை. 'தொகுப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே நம் அப்பாக்களும் மாமாக்களும் தொகுப்புதான் படித்தார்கள். இங்கிலாந்திலேயே அந்தக் கதையின் ஆரம்பப் பகுதியை ரெபெல்லியன் நிறுவனம் 2021இல்தான் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது.

ஜப்பானியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். வார இதழை மட்டமான தாளில், தலையணை கனத்தில், மலிவாக அச்சிடுவார்கள். படித்துவிட்டுப் பழைய பேப்பரோடு போட்டுவிடலாம். பிடித்த கதையை மட்டும் பிறகு கையடக்கத் தொகுப்பாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை படிப்பதற்கு ஒரு விலை, வைத்துக்கொள்வதற்கு ஒரு விலை. இந்தப் பிரிவினையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டலுக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். முதலில் திரை. அமெரிக்கக் காமிக்ஸ் பக்கம் ஏறக்குறைய 26 செ.மீ. உயரம், 17 செ.மீ. அகலம். அதாவது நெட்டுவாக்கில் நிற்கும் பக்கம். நம் திரையோ படுக்கைவாக்கில் இருக்கிறது. 15.6 அங்குல லேப்டாப்பில் திரையின் உயரமே 19 செ.மீ. சொச்சம்தான். முழுப் பக்கத்தையும் காட்டினால் அது முக்கால் அளவுக்குச் சுருங்கிவிடும். வசன பலூன்களில் உள்ள எழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். 24 அங்குல மானிட்டரில் இந்தத் தொல்லை இல்லை. அதன் உயரம் கிட்டத்தட்ட 30 செ.மீ. இருப்பதால், புத்தகத்தை விரித்து வைத்தாற்போல எதிரெதிர் பக்கங்கள் இரண்டையும் அசல் அளவிலேயே காட்டிவிடலாம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த பெரிய படங்களை இப்படிப் பார்ப்பது தனிச் சுகம். அச்சுப் புத்தகத்தில் அந்தப் படங்களின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய் மாட்டிக்கொள்ளும். மானிட்டர் வாங்கும் முன் இந்தக் கட்டுரையைப் படிக்கிறீர்கள் என்றால் 24 அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள்.

சிறிய திரைக்கு என்று ஒரு வசதி தருகிறார்கள். பக்கத்தை முழுதாகக் காட்டாமல் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும். போனில் படிக்க வேறு வழியில்லை என்றால் சரி. ஆனால் பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஓவியர் அதை வரைகிறார். எனக்கு அது சினிமாவை ஜன்னல் ஓட்டை வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது.

திரையாவது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். முக்கியமான பிரச்சினை கண்ணுக்குத் தெரியாதது. டிஜிட்டல் காமிக்ஸ் என்று ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்களை விற்கிறார்கள். ஒன்றில், காசு கொடுத்ததும் ஒரு பைல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வந்து இறங்கும். அதை நீங்கள் காப்பி எடுக்கலாம், பென் டிரைவில் வைக்கலாம், எந்தச் சாப்ட்வேரிலும் திறக்கலாம். மற்றதில் அப்படியொரு பைல் உங்களுக்குக் கிடைக்காது. கடையின் சர்வரில் உள்ள பக்கங்களை அவர்களுடைய ஆப் வழியாகப் பார்க்க ஓர் அனுமதி மட்டுமே கிடைக்கும். டவுன்லோட் செய்தாலும் பூட்டுப் போட்ட பைலாகத்தான் இறங்கும். அந்தப் பூட்டுக்கு டி.ஆர்.எம். என்று பெயர். இரண்டுக்கும் பட்டனில் எழுதியிருப்பது 'வாங்கு' என்ற ஒரே சொல்தான்.

இதனால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். நடந்தவற்றையே சொல்கிறேன். ஜப்பானிய காமிக்ஸை ஆங்கிலத்தில் விற்ற 'ஜேமங்கா' என்ற தளம் 2013இல் மூடப்பட்டது. அந்த ஆண்டு மே மாத இறுதிக்குப் பின், காசு கொடுத்து வாங்கியவர்களாலும் தாங்கள் வாங்கியதைத் திறக்க முடியவில்லை. 2019 ஜூலையில் மைக்ரோசாப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியது. அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் புத்தகங்கள் போய்விட்டன. அமெரிக்கக் காமிக்ஸுக்கு மிகப் பெரிய டிஜிட்டல் கடையாக இருந்தது 2007இல் தொடங்கப்பட்ட 'காமிக்ஸாலஜி'. அமேசான் 2014இல் அதை வாங்கி, 2022இல் தன் கடைக்குள் இணைத்து, 2023 டிசம்பரில் அதன் ஆப்பையும் நிறுத்தியது. வாங்கிய காமிக்ஸ் கிண்டில் ஆப்புக்கு மாறின என்பதால் அழிவு ஏதுமில்லை. ஆனால் காமிக்ஸ் படிப்பதற்கென்றே உருவாக்கிய வசதிகளை நம்பிப் பல ஆண்டுகள் அங்கே சேர்த்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிண்டில் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து யு.எஸ்.பி. கேபிள் வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது.

நான் சர்வர் பக்கம் வேலை செய்பவன் என்பதால் இது எனக்கு ஆச்சரியம் தருவதில்லை. ஒரு சேவையை நிறுத்துவது என்பது அலுவலகங்களில் அரைமணி நேர மீட்டிங்கில் முடிந்துபோகும் விஷயம். மாதம் இவ்வளவு செலவு, இவ்வளவு பேர் பயன்படுத்துகிறார்கள், கட்டுப்படியாகவில்லை, நிறுத்திவிடலாம். அந்த அறையில் கெட்டவர் யாரும் இருக்க மாட்டார். ஆனால் உங்கள் புத்தக அலமாரியின் சாவி அந்த அறையில் இருக்கிறது.

சட்டமும் மெதுவாக இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் உள்ளது. விற்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளை 'வாங்கலாம்' என்று விளம்பரம் செய்யக் கூடாது. நிரந்தரமாக டவுன்லோட் செய்து, இன்டர்நெட் இல்லாமலேயே பயன்படுத்தக்கூடிய பைலாகத் தருபவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அதாவது நான் மேலே சொன்ன இரண்டு வகையையும் அந்தச் சட்டமே பிரித்துப் பார்க்கிறது.

பைலாகக் கிடைத்தால் எவ்வளவு காலம் தாங்கும்? 2004இல் 'ஸ்பைடர்மேன்' இதழ்களை, நாற்பது ஆண்டுகளில் வந்த 500க்கு மேற்பட்டவற்றை, ஸ்கேன் செய்து பி.டி.எப். வடிவில் சி.டி.க்களில் போட்டு விற்றார்கள். பழைய விளம்பரங்கள், கடிதப் பக்கங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அதை விற்ற நிறுவனத்தின் மார்வெல் ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது வரும் லேப்டாப்களில் சி.டி. டிரைவே கிடையாது. ஆனாலும் அன்று வாங்கி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வைத்தவர் இன்றும் டபுள் கிளிக் செய்து படிக்கலாம். அதற்குப் பிறகு வந்த நவீனமான கடைகள் சில மறைந்தே போயின.

காமிக்ஸுக்கென்று உள்ள பைல் வகை இன்னும் எளிமையானது. சி.பி.இசட். என்ற எக்ஸ்டென்ஷன் கொண்ட பைலைப் பார்த்து மிரள வேண்டாம். பக்கங்களை 001, 002 என்று வரிசையாகப் பெயரிட்ட ஜேபெக் படங்களாக்கி, ஒரு ஜிப் பைலில் போட்டு, பெயரின் கடைசியை மட்டும் மாற்றியிருப்பார்கள். அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் ஒரு காப்பி எடுத்து, சி.பி.இசட். என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். (விண்டோஸில் எக்ஸ்டென்ஷன் தெரியவில்லை என்றால் பைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று சென்று டிக் செய்திடவும்.) படிக்க 'சுமத்ரா பி.டி.எப்.', 'யாக் ரீடர்' போன்ற இலவச சாப்ட்வேர்கள் போதும். நாளைக்கு இந்தச் சாப்ட்வேர்கள் எல்லாம் நின்றுபோனாலும் ஜிப்பையும் ஜேபெக்கையும் திறக்க ஏதாவது ஒன்று இருக்கும். என் வாதத்தின் மையமே இதுதான்.

இப்படிப் பூட்டில்லாத பைல் விற்பவர்கள் யார்? மேலே சொன்ன ரெபெல்லியன் நிறுவனம் தன் '2000 ஏ.டி.' வார இதழைச் சொந்தத் தளத்தில் பி.டி.எப். ஆகவும் சி.பி.இசட். ஆகவும் தருகிறது. 'ஹம்பிள் பண்டில்' தளத்தில் அவ்வப்போது பல தொகுப்புகளைச் சேர்த்துக் குறைந்த விலைக்குப் போடுவார்கள். அவற்றில் பல பூட்டில்லாதவை. காசு செலவழிக்கும் முன் பழகிப் பார்க்க நினைப்பவர்கள் 'டிஜிட்டல் காமிக் மியூசியம்' தளத்துக்குச் செல்லலாம். காப்புரிமை முடிந்த பழைய அமெரிக்கக் காமிக்ஸ்களை அங்கே இலவசமாக, சட்டப்படி டவுன்லோட் செய்திடலாம். இதற்கு வெளியே, புத்தம் புதிய இதழ்களைத் திருட்டுத்தனமாக ஸ்கேன் செய்து போடும் தளங்கள் ஏராளம். வரைந்தவருக்கு ஒரு பைசா போகாது என்பது ஒரு பக்கம். புதிய கம்ப்யூட்டர்களுக்கு வைரஸ் வந்து சேரும் வழிகளில் அதுவும் ஒன்று. காமிக்ஸ் என்று சொல்லி இ.எக்ஸ்.இ. பைல் இறங்கினால் திறக்காமல் டெலிட் செய்துவிடுங்கள். எந்தக் காமிக்ஸும் இ.எக்ஸ்.இ. வடிவில் வர வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் ஆப்களே வேண்டாமா என்றால், சந்தா முறையில் உள்ளவற்றை நான் ஆதரிக்கிறேன். 'மார்வெல் அன்லிமிடெட்' இதற்கு நல்ல உதாரணம். சந்தா கட்டும்வரை ஆயிரக்கணக்கான இதழ்களைப் படிக்கலாம். நிறுத்தினால் கதவு மூடிவிடும். புதிய இதழ்கள் அச்சில் வந்து சில மாதங்கள் கழித்துத்தான் அதில் சேரும். இது வாடகை நூலகம், அதை மறைக்கவும் இல்லை. ஜப்பானிய காமிக்ஸ் விரும்புபவர்களுக்கு ஷுயெய்ஷா நிறுவனம் 2019இல் தொடங்கிய 'மங்கா பிளஸ்' இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்களையும் கடைசியாக வந்த சிலவற்றையும் இலவசமாகவே படிக்கலாம். ஜப்பானியர்களின் பழைய பேப்பர் தத்துவம் அப்படியே திரைக்கு வந்திருக்கிறது.

எனக்குக் கோபமெல்லாம் வாடகைப் பொருளுக்குச் சொந்த விலை கேட்பவர்கள் மேல்தான். அச்சுத் தொகுப்பின் விலையை ஒட்டியே பூட்டுப் போட்ட பதிப்பையும் விற்கிறார்கள். அச்சுப் புத்தகத்தை எதிர்வீட்டுப் பையனுக்கு இரவல் கொடுக்கலாம், பிடிக்கவில்லை என்றால் பழைய புத்தகக் கடையில் போடலாம், பேரனுக்கு விட்டுச் செல்லலாம். பூட்டுப் போட்ட பைலை வைத்து இவற்றில் ஒன்றுகூடச் செய்ய முடியாது. அதே விலையை எதற்குக் கொடுக்க வேண்டும்?

எனவே என் சிபாரிசு: முதலில் சந்தாவிலோ இலவசமாகவோ படித்துப் பாருங்கள். இரண்டாம் முறை படிக்கத் தோன்றுகிற கதையை மட்டும் அச்சுத் தொகுப்பாக வாங்குங்கள். விரும்பிய தொகுப்பு பதிப்பில் இல்லை என்றாலோ, வீட்டில் அலமாரி இல்லை என்றாலோ பூட்டில்லாத பைலாக வாங்குங்கள். வாங்கும் முன், அந்தப் பக்கத்தில் 'டி.ஆர்.எம். ப்ரீ' என்றோ, பி.டி.எப்., சி.பி.இசட். என்றோ எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதை ஒருமுறை படிக்கும் கட்டணமாகவே நினைத்து, அந்த அளவுக்கு விலை குறைந்திருந்தால் மட்டும் பட்டனை அழுத்துங்கள். தள்ளுபடி நாட்களில் ஒரு டாலருக்கும் கீழே போடுவது உண்டு. அந்த விலைக்கு எனக்கும் ஆட்சேபணை இல்லை.

பைலாக வாங்குபவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நல்ல தரத்தில் உள்ள ஓர் இதழ் சில பத்து எம்.பி. இடம் பிடிக்கும், ஐம்பது இதழ் என்றால் ஓரிரு ஜி.பி. ஆகலாம். டவுன்லோட்ஸ் போல்டரிலேயே போட்டு வைக்காமல் 'காமிக்ஸ்' என்று தனி போல்டர் உருவாக்கி, தொடரின் பெயரில் உள்ளே ஒரு போல்டர், அதில் இதழ் எண்ணை மூன்று இலக்கமாக, 7 என்று இல்லாமல் 007 என்று கொடுங்கள். எந்தச் சாப்ட்வேரில் திறந்தாலும் வரிசை மாறாது. பிறகு அந்தப் போல்டரை அப்படியே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.